புதன்கிழமைக் கச்சேரிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து வாசித்து, தங்கள் அரங்கக் கச்சேரியிலும் எங்கள் ஆட்களுக்கு இடம் கொடுத்த போர்ன்மத் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்ற மேற்கத்திய இசைக் குழுவுக்கு எங்கள் மேலாளர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் முறைப்படி ஒரு நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டார். ஆனால் ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்தவர்களும் வீல்சேர் தள்ளியவர்களும் அந்த மாதிரிக் கடிதங்களில் வருவதில்லை. அவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் தென்கரையில், பூல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக, அதாவது முதியவர்களைப் பராமரிப்பவராக இருக்கிறேன். இந்த ஆர்கெஸ்ட்ராவின் இருப்பிடமும் இதே ஊர்தான். பெயரில் பக்கத்து ஊரான போர்ன்மத் இருந்தாலும், 1979-லிருந்து பூலில் உள்ள லைட்ஹவுஸ் அரங்கத்தில்தான் இருக்கிறார்கள்.

முதல் நன்றி, எங்கள் இல்லத்துக்கே வந்து வாசித்த நான்கு கலைஞர்களுக்கு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, கைப்பிடி இல்லாத நாற்காலி. முதியோர் இல்லத்தில் அது எங்கே கிடைக்கும்? இங்கே எல்லாமே பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்கான நாற்காலிகள். கடைசியில் சமையலறைப் பணியாளர்கள், தாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று அவர்கள் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒரு தாத்தா, டிவியில் குதிரைப் பந்தயம் முடியாமல் அணைக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். கலைஞர்கள் முகம் சுளிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அவரிடமே கேட்டார்கள். அவர் சொன்ன குதிரை தோற்றது. அப்புறம்தான் வாசிப்பு.

பக்கவாதத்தால் வலது கை விழுந்துபோன ஒருவர், இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி இசையோடு எனக்கென்ன வேலை என்று கேட்டார். வயலின் வாசித்தவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மாறாக, தங்கள் ஆர்கெஸ்ட்ராவின் ஓர் அங்கமாக 2018-ல் தொடங்கிய ரிசவுண்ட் குழுவைப் பற்றிச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளான தொழில்முறைக் கலைஞர்களின் குழு அது. அதன் கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கோலசைத்து நடத்துபவர், ஜேம்ஸ் ரோஸ். அவருக்குப் பெருமூளை வாதம். அந்தக் கோலைத் தலையில் பொருத்திக்கொண்டு நடத்துகிறார். தொடங்கிய அதே ஆண்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவில் வாசித்தார்கள். அந்த வீடியோவை எங்கள் ஆள் இதுவரை எத்தனை முறை போடச் சொன்னார் என்பது இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, லைட்ஹவுஸுக்குப் போன கதை. அங்கே கச்சேரி பெரும்பாலும் புதன்கிழமை, மாலை ஏழரைக்கு. எங்களுக்கு எட்டு மணிக்கு ஷிஃப்ட் ஒப்படைப்பு, அதையொட்டி இரவு மாத்திரை. இதைவிடச் சிக்கலான நேரம் வாய்க்காது! ஐந்து பேரை வெளியே அழைத்துப் போக வேண்டும், மற்றவர்களுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. பகல் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்த மதுரை அண்ணன், தன் விடுமுறை நாளைக் கொடுத்த யாழ்ப்பாணத்து அக்கா, இருவருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வீல்சேர் டாக்ஸி ஓட்டுநர், கச்சேரி முடிந்து ஐந்து பேரும் வெளியே வரும்வரை வேறு சவாரிக்குப் போகவில்லை. அரங்க ஊழியர்கள் எங்களை அவசரப்படுத்தவே இல்லை.

அந்த ஐவரில் ஒரு பாட்டி, இந்த ஆர்கெஸ்ட்ராவைத் தன் பதினேழு வயதிலிருந்து கேட்டவர். 1893-ல் டேன் காட்ஃப்ரி சுமார் முப்பது பேரோடு தொடங்கிய நகராட்சி வாத்தியக் குழு இது. போருக்குப் பிறகு, நாஜி வதைமுகாமில் உயிர் தப்பிய ருடால்ஃப் ஷ்வார்ஸ் வந்து 1947-லிருந்து குழுவை மறுபடி கட்டி எழுப்பினார். அப்போதைய வின்டர் கார்டன்ஸ் அரங்கம், பந்து உருட்டி விளையாடும் உள்விளையாட்டுக் கூடமாக இருந்து மாற்றப்பட்டது. அதில் ஒலி அவ்வளவு அழகாக இருக்கும் என்பார் பாட்டி. 2006-ல் அதை இடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. அன்றைய கச்சேரியில் இரண்டாம் பாதி முழுக்க நன்றாகத் தூங்கினார். டாக்ஸியில் ஏறியதும், ஷ்வார்ஸுக்கு அடுத்து குழுவை நடத்திய சார்லஸ் க்ரோவ்ஸ் காலத்தில் இவ்வளவு வேகமாக வாசிக்கமாட்டார்கள் என்று குறை சொன்னார். குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்ததே, எங்களுக்கு அது போதும்.

இவர்கள் எக்சிட்டர், பிரிஸ்டல், போர்ட்ஸ்மத், வெய்மத் என்று தென்மேற்கு முழுக்க வாத்தியங்களோடு சுற்றுகிறார்கள். எங்கள் அரங்கம் இங்கே இருக்கிறது, வேண்டியவர்கள் வாருங்கள் என்று உட்கார்ந்திருந்தால், எழுந்து நடக்க முடியாத எங்கள் ஆட்களுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். 2020-ல் கோவிடால் முதியோர் இல்லங்களின் கதவே மூடிக் கிடந்தபோது, அந்த இலையுதிர் காலத்தில் லைட்ஹவுஸ் மேடையிலிருந்து நேரலை தொடங்கினார்கள். அதைப் பொது அறை டிவியில் வரவழைத்துத் தந்த, எங்கள் இல்லத்தவர் ஒருவரின் பேரப்பிள்ளைக்கும் நன்றி.

இதற்கெல்லாம் டிக்கெட் வருமானம் மட்டும் கட்டுப்படியாகாது. அரசு மானியம், நன்கொடை எல்லாம் சேர்ந்துதான் ஓடுகிறது. ஆக, வரி கட்டும்போது வயிறு எரியும் நம் எல்லோருக்கும்கூட ஒரு சின்ன நன்றி உண்டு.

இலையுதிர் காலத்தில் அடுத்த சீசன் தொடங்குகிறது. இந்த முறை ஏழு பேர் வருகிறேன் என்கிறார்கள். புதன்கிழமை மாலை யாரால் நிற்க முடியுமோ, ரோட்டா (வேலை முறைப் பட்டியல்) போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சக பணியாளர்கள் சார்பில்,
பூல் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு கேரர்