முதல் கவளத்தோடு: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் சொன்னவற்றுள் இரண்டு செய்திகள் என்னைத் தூங்கவிடவில்லை. வீடு திரும்பி ஆறு வாரமாகியும் மாப்பிள்ளையின் எடை 58 கிலோவிலிருந்து 53-க்கு இறங்கியிருக்கிறது என்பது ஒன்று. வயிற்றுக்கு ஆகவில்லை என்று எண்ணெய், நெய், தேங்காய், பால் அனைத்தையும் நிறுத்திவிட்டு ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியுமாகக் கொடுத்து வருகிறாய் என்பது மற்றொன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் கணையத்தில் செய்யும் இதே விப்பிள் அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது உன் அண்ணியும் எனக்கு இதே பத்தியத்தைத்தான் வைத்தாள். அன்போடுதான் வைத்தாள், நான் மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். கணையத்தின் தலைப்பகுதி, அதை அணைத்துக் கிடக்கும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மீதிக் கணையத்தையும் பித்தக்குழாயையும் இரைப்பையையும் குடலோடு புதிதாகத் தைத்து இணைத்திருக்கிறார்கள். நல்ல நிலையில் கணையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரைச் சுரந்து, உணவைச் செரிக்கும் என்சைம்களை அதில் கலந்து அனுப்புகிறது. மாவுச்சத்தைச் செரிக்க எச்சில் கொஞ்சம் உதவும். புரதத்துக்கு இரைப்பை கொஞ்சம் உதவும். கொழுப்பு மட்டும் பெரும்பாலும் கணையத்தின் லைப்பேஸ் என்ற என்சைமையே நம்பியிருக்கிறது. மீதிக் கணையம் சுரந்தாலும், உணவு வந்துவிட்டது என்று அதற்குச் செய்தி அனுப்பும் முன்சிறுகுடல் இப்போது இல்லை. ஆகையால் சோறு ஒரு நேரத்திலும் சுரப்பு வேறொரு நேரத்திலுமாகப் போய், இரண்டும் சரியாகச் சந்திப்பதே இல்லை.

அந்தக் குறையை நிரப்பத்தான் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கணைய என்சைம் கேப்சூல். நான் செய்த தவறும் அதில்தான். மருந்துக் கடையில் கொடுத்த காகித உறையில் ‘சாப்பிட்ட பின்’ என்ற இடத்தில் டிக் அடித்திருந்தார்கள். நானும் சொன்ன சொல் தவறாதவனாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையைத் தவிர மற்ற சடங்குகள் எல்லாம் முடிந்தபின் ஒன்றை விழுங்கி வந்தேன். அந்தக் கேப்சூலுக்குள் இருப்பவை கடுகளவு மணிகள். இரைப்பையின் அமிலம் லைப்பேஸை அழித்துவிடும் என்பதால் ஒவ்வொரு மணிக்கும் மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அமிலம் குறைந்த குடலுக்குள் போனபிறகே அந்தப் பூச்சு கரையும். மணிகள் சோற்றோடு கலந்து, சோற்றோடேயே குடலுக்குள் இறங்கினால்தான் வேலை நடக்கும். இட்லியை வேகவைத்து எடுத்தபின் மேலே உப்பைத் தூவினால் என்ன ஆகுமோ அதுதான் சாப்பிட்டபின் விழுங்கும் கேப்சூலுக்கும் ஆகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு டயட்டீஷியன், “எந்தக் கவளத்தோடு விழுங்குகிறீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

ஆகவே முதல் கவளத்தோடு ஒன்று; ஒரு வேளைக்கு ஒன்றுக்கு மேல் என்றால் மீதியைச் சாப்பாட்டின் நடுவில். கடிக்கவோ மெல்லவோ கூடாது; பூச்சு உடைந்தால் பயனும் போய் வாயும் புண்ணாகும். சூடான காபியோடு விழுங்கக் கூடாது, சூடு என்சைமைக் கெடுத்துவிடும். ஆறிய தண்ணீரே போதும். அதே காரணத்தால் டப்பாவை அடுப்பு மேடையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதே. நம்மூர்ச் சித்திரை வெயிலில் வீட்டின் குளிர்ந்த அறை எது என்று பார்த்து அங்கே வை.

அளவைப் பற்றி. நீ படித்துக் காட்டிய சீட்டில் வேளைக்கு 10,000 யூனிட் (லைப்பேஸின் அளவு) கேப்சூல் ஒன்று என்று இருக்கிறது. பெரியவர்களுக்கு முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், சிற்றுணவுக்கு அதில் பாதி என்பதே பரவலாகத் தொடங்கும் அளவு. பிறகு அறிகுறியைப் பார்த்துக் கூட்டுவார்கள். மருந்துக்குறிப்பு சொல்லும் மேல்வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட். 53 கிலோவுக்கு அது 5,30,000. மாப்பிள்ளை நிற்பதோ 30,000-இல். நீயாகக் கூட்டிவிடு என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்தக் கணக்கை அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேள். கூடவே, அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை தேவையா என்றும் கேள். கணைய நீரின் காரத்தன்மை குறைந்த குடலில் அமிலம் மிஞ்சினால் கேப்சூல் திறக்கவே தாமதமாகும்.

எல்லா உணவுக்கும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வதும் சரிவராது. நெய் மிதக்கும் பொங்கலும் மோர் சாதமும் ஒன்றல்ல. முழு டம்ளர் பாலுக்குக் கேப்சூல் வேண்டும். பாலில்லாத டீக்கும், ஒரு துண்டு பப்பாளிக்கும் வேண்டியதில்லை. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சட்டைப்பையிலிருந்து மூன்று கேப்சூலை எடுத்து இலை ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பருப்பு நெய்யோடு ஒன்று, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் ஒன்று, பாயசம் ஊற்றும்போது ஒன்று. பக்கத்து இலைக்காரர் அது புது வகை ஊறுகாயோ என்று எட்டிப் பார்த்தார்.

இனி நீ கேட்கக் கூச்சப்பட்ட செய்தி. மலம் வெளிறி, எண்ணெய்ப் படலத்தோடு மிதந்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் போகாமல், கடும் நாற்றம் அடித்தால், கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது என்று பொருள். அதைக் கண்டவுடன் கொழுப்பை நிறுத்துவதுதான் நம் வீட்டு வழக்கம். ஆனால் ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. இளைக்கிற உடம்பிலிருந்து 9-ஐப் பிடுங்கிவிட்டு 4-ஐக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தால் எடை எப்படி ஏறும்? கேப்சூலைச் சரிசெய், எண்ணெயைத் திரும்பக் கொடு. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், தேங்காய்ச் சட்னி, முட்டை, மீன், பருப்பு எல்லாம் வரலாம். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சிறிய வேளை வை. சாப்பிடும்போதே தண்ணீரால் வயிற்றை நிரப்ப விடாதே. கீரையும் முழுத்தானியமும் நல்லவைதாம், ஆனால் இப்போது அளவோடு: நார்ச்சத்து மிகுந்தால் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், என்சைமின் வேலையும் மந்தமாகும்.

கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஜீரண டானிக்கை இதற்கு ஈடாக நினைக்காதே. அவற்றில் பெரும்பாலும் இருப்பவை மாவுச்சத்துக்கான டயஸ்டேஸும் புரதத்துக்கான பெப்சினும். கொழுப்புக்கு அவை உதவா. கேப்சூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்பதையும் மாப்பிள்ளையிடம் மறைக்காதே. சைவனாகிய நான் இரண்டு நாள் தயங்கினேன். பிறகு, இது சாப்பாடல்ல, இழந்த உறுப்புக்கு ஈடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் தெரிந்தே முடிவெடுக்கட்டும்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கேப்சூல் சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் இதுவரை வீணாய்ப் போன உணவு இரத்தத்தில் சேரும், சர்க்கரை ஏறக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து கேப்சூலை நிறுத்தாமல் இன்சுலின் வேண்டுமா, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேள். மறுபுறம், கணையம் குறையும்போது தாழ்ந்த சர்க்கரையைத் தூக்கிவிடும் குளூக்ககான் சுரப்பும் குறைகிறது. ஆகவே திடீரென்று வியர்வையும் நடுக்கமும் வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் உடனே. அதற்குக் கேப்சூல் தேவையில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு கரைந்தே உள்ளே போகும் என்பதால் அவற்றையும், இரும்பு, பி12 ஆகியவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்.

நாளையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவை: என்ன சாப்பிட்டார், எத்தனை கேப்சூல், மறுநாள் எப்படிப் போயிற்று, வாரம் ஒருமுறை எடை. என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “உளுந்த வடை இரண்டு, கேப்சூல் ஒன்று. மிதந்தது.” டாக்டரிடம் அதைக் காட்டியபின் எழுதிய அடுத்த வாரப் பக்கம்: “உளுந்த வடை இரண்டு, கேப்சூல் இரண்டு. மூழ்கியது. எடை 400 கிராம் கூடுதல்.” அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு அந்தக் கடைக் காகித உறையையும் எடுத்துப் போ, அதில் எந்த இடத்தில் டிக் இருக்கிறது என்று இன்றே பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
அண்ணன்