பதுளை மலைக்குப் போன எங்கள் கொட்டைக்கரந்தை

தாவர மாதிரிப் பதிவுகளை இணையத்தில் ஏற்றும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வரைபடத்தில் கொட்டைக்கரந்தைச் செடியின் பதிவு பிழையான இடத்தில் இருப்பதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில் வந்தது, அதோடு சரி. அதனால்தான் இந்த முறை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

உலர்த்திய செடியை ஒட்டிவைத்த தாளின் படத்தை நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தண்டின் இருபுறமும் ஓடும் இறகு விளிம்பும் உருண்டைப் பூத்தலையும் தெளிவாகத் தெரிகின்றன. கீழே லேபிளில், பழுப்பேறிய மையில், திருகோணமலை என்று எழுதியிருக்கிறது. பக்கத்துத் தரவிலோ 'சிலோன்' மட்டும்தான். வரைபடத்தில் வடக்கு 7 பாகை, கிழக்கு 81 பாகையில் ஒரு புள்ளி. ஊர் தெரியாதபோது நாட்டின் நடுவில் குத்துமதிப்பாக வைக்கும் புள்ளி அது. விழுந்திருப்பது பதுளைப் பக்கத்து மலையில். அறுவடை முடிந்து காயும் வயலில் ஊதாவாய்ப் பூக்கிற செடி, அங்கே கொழுந்து கிள்ளவா போனது?

எங்கள் மாணவி ஒருத்தி தம்பலகாமத்து வயல்களில் களைநாசினி வந்தபின் எந்தச் செடிகள் அருகின என்று ஆராய்கிறாள். வரப்பில் பிடுங்கிய கொட்டைக்கரந்தையின் வாசம் அவள் விரலில் இருக்கிறது. மதிப்பீட்டாளரோ உங்கள் வரைபடத்தைத் திறந்துவைத்து, "இந்த மாவட்டத்தில் பழைய பதிவே இல்லையே பிள்ளை" என்றார். அந்த அத்தியாயம் ஆய்விலிருந்து போயிற்று. பிழையான புள்ளியைத் திருத்துங்கள் என்பதைத்தான் அப்போதும் கேட்டோம்.

பழைய மாதிரிகளின் சிக்கல் தெரியாமல் பேசவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய துவைட்ஸ் ஓர் இனத்துக்கு ஒரே சி.பி. (சிலோன் பிளாண்ட்ஸ்) எண்ணைக் கொடுத்து, பல ஊர்களில் எடுத்ததையும் அதன் கீழேயே சேர்த்தார். அப்படிப்பட்ட தாள்களில் ஊரைப் பிரித்தறிவது கடினம்தான். ஆனால் இந்தத் தாளில் எழுதியே இருக்கிறதே, ஐயா! வாசிக்க ஓர் ஆள் போதும்.

அதே காலத்தில் இங்கிருந்து செடி சேகரித்த க்ளெனி பாதிரியார் அனுப்பியவை கடல் கடந்த தாவர மாதிரி அலமாரிகளிலும் இருக்கின்றன. பிடுங்கியது எங்கள் மண்ணில், பார்க்க அனுமதி கேட்பதும் நாங்கள்தான். ஊர்ப் பெயரையாவது விட்டுவைக்கக் கூடாதா? சரி, கோபம் வேண்டாம்.

தயவுசெய்து லேபிளில் உள்ளபடி திருகோணமலை என்று பதிவைத் திருத்துங்கள். ஊர் தெரியாத தாள்களுக்குப் புள்ளியே வைக்காதீர்கள், இடத்தை வெறுமையாக விடுங்கள். கையெழுத்து வாசிக்க ஆள் இல்லையென்றால் படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். சம்பளம் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு தாவரவியல் ஆசிரியர்