பாசிக்குக் கண் இருந்தது

அன்பு நண்பா,

சுகம்தானே? அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்தார்.

போன ஞாயிறு காலை தம்பியும் நானும் தண்ணீர்மலைக்குச் சாமி கும்பிடப் போனோம். படியிறங்கி வந்ததும், "அண்ணே, கேமரா காருலதானே இருக்கு, அப்படியே காட்டுப் பக்கம் போயிட்டு வரலாமா?" என்றான். அதே சாலையில் கொஞ்சம் தள்ளித்தான் மூன் கேட், கொடிமலைக்கு ஏறும் பாதையின் வாசல். பள்ளி விடுமுறையில் நாம் மழைக்குப் பயந்து பாதியில் திரும்பிய பாதை, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு, நெற்றியில் விபூதியும் காயாமல் ஏறத் தொடங்கினோம்.

முந்தின நாள் மழை. வழியெல்லாம் அட்டை.

அரை மணி நேரம் ஏறியிருப்போம், தலைக்கு மேலே கிளை சலசலத்தது. லோத்தோங் குரங்குக் கூட்டம். கறுத்த முகம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு தாயின் மடியில் குட்டி, பழுத்த பப்பாளி நிறத்தில்! ஆறு மாதம் போனால் அதுவும் தாயைப் போலச் சாம்பலாகிவிடும். முதலில் எடுத்த பத்துப் படமும் வெறும் நிழல்தான். வானம் பின்னால் இருந்தால் கறுத்த முகம் தெரியாது, இலையைப் பின்னால் வை என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! சரிவில் ஐந்தடி மேலே ஏறி உட்கார்ந்தேன். வெளிச்சம் போதாமல் கேமராவின் ஒளியுணர்வை, அதுதான் ஐஎஸ்ஓ, 3200 வரைக்கும் ஏற்ற வேண்டியிருந்தது. படத்தில் புள்ளி விழுந்திருக்கிறது, போகட்டும். தாயின் மயிரைப் பற்றியிருக்கும் குட்டியின் விரல்கள், நகம் உட்பட விழுந்திருக்கின்றன.

கீழே ஒரு பையன் ரொட்டியை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. இலையை நொதிக்க வைத்துச் செரிக்கிற வயிறு தம்பி அது, ரொட்டி ஒத்துக்கொள்ளாது என்றேன். நல்ல பையன், பைக்குள் போட்டுக்கொண்டான்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. தம்பி காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க நின்றவன், எதிர் மரத்தையே பார்த்தான். "அண்ணே, அந்தப் பாசிக்குக் கண்ணு இருக்கு."

குபுங்! மரப்பட்டையோடு பட்டையாக, சாம்பலும் வெள்ளையும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பறக்கும் லெமூர் என்பார்கள். அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனி வரை தோலை விரித்து, இரவில் மரம் விட்டு மரம் சறுக்கும், 100 மீட்டருக்கு மேல்கூட. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோலின் ஓரம் மெல்ல அசைந்து, உள்ளிருந்து ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. நண்பா, எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஃபிளாஷ் போடவில்லை, கிட்டேயும் போகவில்லை. நான்கு படம் எடுத்துவிட்டு, இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தோம்.

2021-ல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, ஏதோ சுற்றுப்பயணிகளுக்கான செய்தி என்று தாளைப் புரட்டிவிட்டேன். கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இது குட்டி வளர்க்கிறது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு வரும்போது பழைய சப்பாத்து ஒன்று எடுத்து வா, விடியற்காலையிலேயே ஏறுவோம். அப்புறம், இரண்டு படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவதில் குட்டியின் தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுது.

உன் பழைய நண்பன்,
பினாங்கிலிருந்து