காஃபர்டு சீலிங்கில் விட்டம் இறங்குவது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விட்டங்களைக் கழற்றி, முறையாகத் திரும்பப் பொருத்தித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் நீங்கள் அமைத்துக் கொடுத்த காஃபர்டு சீலிங்கில் (பலகைப் பெட்டிகளாகச் செய்த விட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்திய கட்டம் போட்ட சீலிங்) நடு விட்டம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. விட்டங்கள் சந்திக்கும் மூலைகளில் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. முதலில் புகார் சொன்னபோது உங்கள் ஆட்கள் வந்து பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பட்டி காய்ந்த கொஞ்ச நாளிலேயே அதே இடம் மறுபடி திறந்துகொண்டது.

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், பிளந்து நின்ற பக்கப் பலகையைக் கழற்றிக் காட்டினார். விட்டத்தைத் தாங்க உள்ளே இருக்க வேண்டிய மரச்சட்டமான ரீப்பர் கட்டையே இல்லை! விட்டம் முழுவதும் ஜிப்சம் போர்டில் பசையாலும் சின்ன ஆணிகளாலும் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிப்சம் போர்டில் ஆணிக்குப் பிடிப்பு கிடையாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். பசை பிடித்தாலும் அது பிடிப்பது போர்டின் மேல் காகிதத்தைத்தான். பாரம் இழுக்க இழுக்கக் காகிதம் உரிந்து வரும்.

பாரம் கொஞ்சமல்ல. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மி.மீ. எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். எங்கள் சீலிங்குக்கு அப்படிப் பல பலகைகள் அறுக்கப்பட்டன. அத்தனையும் நாங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருக்கின்றன. குழந்தைகளை அந்த அறைக்குள் விடுவதையே நிறுத்திவிட்டோம்.

சாக்பீஸ் நூலடித்து, அந்தக் கோட்டில் ரீப்பரை வைத்து, ஜிப்சம் போர்டைத் தாண்டி மேலே உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் (கான்கிரீட்டைத் துளைத்துப் போடும் போல்ட்) போட்டு முடுக்கியிருக்க வேண்டும். மூன்று பக்கப் பெட்டியாகச் செய்த விட்டத்தைக் கீழிருந்து தூக்கி ரீப்பரை மூடும்படி பொருத்தி, இரு பக்கமும் ரீப்பரோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்திருந்தால் பாரம் தளத்துக்குப் போயிருக்கும். உங்கள் ஆட்கள் விட்டுவிட்ட முக்கியமான வேலை இதுதான். மற்றதில் பெரும்பாலானது அதைத் தொடர்ந்து வந்த கோளாறு.

விட்டங்களின் ஓரத்தில் அழகுக்காக ஒட்டிய மோல்டிங் சட்டங்களின் மூலைகள் விலகியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். 45 டிகிரியில் அறுத்த இரண்டு துண்டுகள் எவ்வளவு சுத்தமாகச் சேர்ந்தாலும், அவற்றைத் தாங்கும் விட்டம் நகர்ந்தால் வாய் பிளக்கத்தான் செய்யும். ஜன்னல் பக்கத்தில் பலகையின் அறுத்த முனைகளுக்குப் பிரைமர் அடிக்காமல் விட்டிருப்பதும் உண்மை. ஈரக்காற்றில் அவை உப்பியிருக்கின்றன. அந்தப் பலகைகளையும் மாற்ற வேண்டும்.

வேலையின் அழகில் எனக்குக் குறை இல்லை. கட்டங்கள் எல்லாப் பக்கமும் சம அளவில், சுவரோரம் அரை விட்டத்தோடு நேர்த்தியாக அமைந்திருக்கின்றன. அந்த அமைப்பு அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்னொரு தடவை பட்டி வைத்து மூடுவதை ஏற்க மாட்டேன். விட்டங்களை முழுவதுமாகக் கழற்றி, ரீப்பர் போட்டு, உங்கள் செலவிலேயே திரும்பப் பொருத்திக் கொடுங்கள். ஆங்கர்கள் முடுக்கிய பிறகு, விட்டத்தை மூடும் முன் நான் பார்க்க வேண்டும். அதுவரை, இறங்கிய விட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க உடனே ஆள் அனுப்புங்கள்.

விட்டத்தின் உட்புறப் படங்களை இணைத்திருக்கிறேன். வேலையை எப்போது தொடங்குவீர்கள், யார் பொறுப்பில் நடக்கும் என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்