பிழைத்தவர்களின் சாட்சியும் பக்கத்து வீட்டின் துக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் பர்மா சபைகளில் சாட்சி நேரம் நீண்டுவிட்டது. வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகளிலிருந்து செல்போனில் வரும் சாட்சிகளும் ஏராளம். பலவற்றின் சாரம் ஒன்றுதான்: சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் விழுந்தன, எங்கள் வீட்டைக் கர்த்தர் காத்தார், ஸ்தோத்திரம். சொல்கிறவர்கள் மனதாரச் சொல்கிறார்கள். செத்துப் பிழைத்தவருக்கு நன்றி தானாக வாயில் வரும், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. என் வருத்தம் வேறு. அடுத்த வீடு விழுந்ததைக் காட்டித்தான் என் ஆசீர்வாதத்தை நிரூபிக்க வேண்டுமா?

அன்று வெள்ளிக்கிழமை. ரம்ஜான் மாதம். பகல் ஒரு மணிக்குச் சற்று முன் 7.7 அளவில் பூமி ஆடியபோது சகாயிங்கிலும் மாண்டலேயிலும் மசூதிகளில் ஜும்மா தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் கட்டடம் விழுந்தது. மாண்டலேயில் சமயத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் மடத்தோடு புதைந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அவர்களும் பிரார்த்தனையில்தானே இருந்தார்கள்? "எங்களை மட்டும் காத்தார்" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த அடுத்த தெருத் தாய்க்கு அது எப்படிக் கேட்கும்?

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்று அவர் நேரடியாகச் சொல்லிவிட்டார். இதைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தில் இன்னும் சில அதிகாரம் தள்ளிப் படித்தால், மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் ஒரு பரிசேயன் ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறான். அவன் ஜெபம் முழுக்க நன்றிதான்! மற்ற மனுஷரைப் போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். நீதிமானாக வீட்டுக்குப் போனவன் அவன் இல்லை. பிறரோடு ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியை ஆண்டவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜூலையில், கொரோனா அலையில், யாங்கூன் முழுக்க ஆக்சிஜனுக்கு வரிசை. என் கணவருக்கும் மூச்சுத் திணறல். எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த பர்மிய அக்காவின் அப்பா விடியற்காலையில் இறந்துபோனார். பிணத்தை எடுப்பதற்கு முன்பே, மீதி இருந்த சிலிண்டரை அந்த அக்கா தன் தம்பியோடு தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு ஆகட்டும்" என்றார், அவ்வளவுதான். அவர் புத்த மதத்துக்காரர். என் கணவரும் பிழைக்கவில்லை.

அந்த அப்பாவை எடுத்து எனக்கு சிலிண்டர் அனுப்பினார் கடவுள் என்று நான் சாட்சி சொல்வேனா? ஒருக்காலும் மாட்டேன். ஆனால் தன் துக்கத்தின் நடுவில் என்னை நினைத்த அந்த அக்காவுக்காக இன்றும் தினமும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். கணவரைக் கேட்டு அழுதபடியேதான் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஜெபத்தில் இருக்க முடியும். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அதையும் சேர்த்துத்தானே நமக்கு வேதமாகக் கொடுத்திருக்கிறார்?

எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில், பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் கட்டாயம் வருவார். 1824-இல் அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டது, பர்மிய புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துக் காத்தது, அதற்காக ஸ்தோத்திரம், எல்லாம் சொல்வார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. 1826-இல் மனைவி ஆன் இறந்தார், அடுத்த ஆண்டு கைக்குழந்தை மரியாவும் போனாள். ஜட்சன் காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளைக் காண முடியவில்லை என்று எழுதினார். அதே மனிதர்தான் 1834-இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். இந்தப் பகுதியை மறைத்துவிட்டுத் தலையணையை மட்டும் சொன்னால், இப்போது குழியோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் சபையில் இடம் இல்லை என்று சொல்வது போல் ஆகாதா?

எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்ற பவுல், எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தவரும்கூட. கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள் கொடுத்தன. பெற்றுக்கொண்டவர்கள் தேவனை ஸ்தோத்திரிப்பார்கள் என்றார் அவர். அப்படி வரும் நன்றியில் யாரும் யாரையும்விடப் பெரியவர் ஆவதில்லை.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்த முறை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேரும் பணம் ஆலயத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்கப் போகாது. சகாயிங்கில் வீடிழந்த குடும்பங்களுக்குப் போகும், மசூதியில் ஆட்களை இழந்தவர்களுக்கும் சேர்த்து. அரிசி விலையும் மின்வெட்டும் எங்களையும் நெருக்குகின்றன, பெரிய தொகை சேராது. தமிழ்நாட்டுச் சபைகள் பர்மாவுக்கென்று ஸ்தோத்திரக் காணிக்கை எடுத்தால், தயவுசெய்து ஆலயக் கட்டடத்துக்கு என்று எழுதாதீர்கள். எந்த மதமானாலும் குடும்பங்களுக்கு என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கூன்