பூட்டிய அலமாரியின் சாவியைக் கொடுங்கள்

குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரி நிர்வாகிகளுக்கும் மின்னணுவியல் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

குளச்சலில் 22 வருடமாகப் படகுகளின் வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., ஒலி அனுப்பிக் கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் எல்லாம் பழுது பார்த்து வருகிறேன். படித்தது டிப்ளமோ. உங்கள் ஆய்வகங்களில் கருவிகள் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதும் மாணவர் கையில் அவை போகாததும் உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் போன மாதம் என் கடையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறுதியாண்டு இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்) மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பவர் சப்ளை, அதாவது சர்க்யூட்டுக்கு ஏற்ற அளவில் மின்சாரம் தரும் பெட்டி, வேண்டுமாம். "ரெடியா இருந்தா கொடுங்க அண்ணே" என்றார்கள். "சாமான் தாறேன், இங்கேயே இருந்து நீங்களே செய்யுங்க மக்களே" என்று மேசையை ஒதுக்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் டப்பென்று சத்தம். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தலை பிளந்து, சூடான திரவம் அவன் கண்ணாடியில் தெறித்திருந்தது. கண்ணாடி போடாதவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மைனஸ் கோடு போட்ட கால் பிளஸ் பக்கம் சால்டர் ஆகியிருந்தது.

கை நடுங்க நின்றவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன், கல்லூரியில் இதைத் தொட்டதே இல்லையா என்று. "லேபுல சர்க்யூட் எல்லாம் கிட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் அண்ணே. நாங்க வயரை மட்டும் குத்துவோம்." மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்? "அலமாரியில இருக்கு. இன்ஸ்பெக்ஷன் வரும்போது வெளியே எடுப்பாங்க."

எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவன் அப்பா பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகில் போகிறவர். நான்கு வருடக் கட்டணம் கடலில் இருந்து வந்த பணம். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கு உள்ள வித்தியாசத்தை அவன் கையால் உணர ஒரு வாய்ப்புக்கூட நாம் கொடுக்கவில்லை.

அது ஏன் வெடித்தது என்பதிலேயே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. அலுமினியத் தகட்டின் மேல் உள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் அங்கே மின்காப்பு. தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்தால் அந்தப் படலம் சிதைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, உள்ளே இருக்கும் திரவம் கொதித்து வாயுவாகிறது. அந்த அழுத்தம் ஒரே இடத்தில் வெளியேறட்டும் என்றுதான் தலையில் கீறல் போட்டு வைத்திருக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். எங்கள் படகுகளின் என்ஜின் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ஜர்கள் ஏன் அடிக்கடி கடைக்கு வருகின்றன என்பதற்கு விடை அதுதான். வயரை மட்டும் குத்தும் பிள்ளைக்கு இது எப்போது தெரியவரும்?

உப்புக்காற்று இன்னொரு வாத்தியார். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வெளியே பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும், ஐ.சி. (சிப்) காலுக்கு அடியில் தடம் அறுந்திருக்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, வயர்லெஸ் செட்டு சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டுப் பெண்கள் கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் களிம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும். அலமாரியைத் திறந்துவிடுங்கள்.

புதிய சங்கதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மூவரில் ஒருவன், சிலிக்கானுக்குப் பதிலாகப் புதிய சார்ஜர்களில் வரும் கேலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தி பற்றி செமினார் எடுத்தவன். சிலிக்கானின் பேண்ட் கேப் (எலக்ட்ரான் கட்டுவிட்டு ஓடத் தேவையான ஆற்றல்) 1.1 எலக்ட்ரான் வோல்ட், கேலியம் நைட்ரைடுக்கு 3.4 என்று கடகடவென ஒப்பித்தான். சரி, அதனால் உன் போன் சார்ஜர் ஏன் சின்னதாயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. கேலியம் நைட்ரைடு மெல்லிய அடுக்கிலேயே கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்கும், வேகமாக சுவிட்ச் ஆகும், அதிர்வெண் கூடினால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். பழைய சார்ஜர் ஒன்றையும் புதிய சார்ஜர் ஒன்றையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். கணினியில் வரைந்து பார்ப்பது மட்டும் போதாது. வெறும் 10 மைக்ரோஃபாரட் என்று அதில் போட்டால் அது 10 ஆகவே நிற்கும். நிஜத்தில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வைத்துச் செய்த பொடிச் செராமிக் கெப்பாசிட்டரின் தேக்கும் அளவு, டி.சி. மின்னழுத்தம் ஏற ஏறப் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க நம் மாவட்டத்தைப் போல இடம் வேறு எது? மணவாளக்குறிச்சி கருமணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் என்ற கனிமங்கள் இருக்கின்றன. (அந்த மணலை அள்ளுவது பற்றி எங்கள் கடற்கரை ஊர்களுக்குப் பெரிய வருத்தம் உண்டு, அதற்குத் தனி மடல்தான் எழுத வேண்டும்.) இல்மனைட்டில் டைட்டேனியம், சிர்க்கானில் சிர்கோனியம். இவை இரண்டும் ஈயத்தோடு சேர்ந்து ஆகும் பீங்கான்தான் எக்கோ சவுண்டருக்கு வாயும் காதும். மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி அனுப்பும், எதிரொலி வந்து மோதினால் மின்னழுத்தம் தரும். அதை வைத்துத்தான் எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) ஆழம் என்று எங்கள் ஆட்கள் பார்க்கிறார்கள். மோனசைட்டில் இருக்கும் நியோடிமியம் வலிமையான காந்தங்களுக்குப் போகும். முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. இத்தனையும் ஒரு பஸ் தூரத்தில் இருக்க, பிள்ளைகள் நான்கு சுவருக்குள் படம் பார்த்துப் படிக்கிறார்கள்.

அப்புறம் படித்த துறையிலேயே கிடைக்கும் கோர் வேலை இல்லை என்று சொல்லி எல்லாரையும் சாஃப்ட்வேர் பயிற்சிக்குத் தள்ளுகிறீர்கள். குஜராத்தின் தோலேராவில் சிப் ஆலை கட்டுகிறார்கள். அங்கே வேலைக்கு எடுக்கும்போது நம் பிள்ளை சால்டரிங் ஐயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தயங்கினால் அவமானம் அவனுக்கா, நமக்கா? பேனர் அடிக்கும் பணத்தில் எத்தனை மல்டிமீட்டர் வாங்கலாம்! நேரம் கணக்கிட்டு சர்க்யூட்டை இயக்கும் 555 ஐ.சி. ஒன்று மலிவாகவே கிடைக்கிறது. ரெசிஸ்டரின் விலை மிட்டாய் விலை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். அடுத்த பருவத்தில் இருந்து இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பவர் சப்ளையைத் தன் கையால் சால்டர் செய்து, அளந்து, கெடுத்து, திரும்பச் சரிசெய்யட்டும். மாலை ஏழு மணிவரை ஆய்வகம் திறந்திருக்கட்டும். ஆஸிலாஸ்கோப் மேசைமேல் இருக்கட்டும். உடைந்தால் உடையட்டும், அதைச் சரிசெய்வதும் படிப்புதான். தயவுசெய்து அந்த அலமாரிச் சாவியை மாணவர்களிடம் கொடுங்கள்.

என் கடையில் கழித்துப்போட்ட படகு போர்டுகள் மூன்று சாக்கு நிறைய இருக்கின்றன. எந்தக் கல்லூரி கேட்டாலும் காசில்லாமல் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு நானும் வந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
குளச்சலில் இருந்து ஒரு மெக்கானிக்