கிளேஃப் மாளிகையின் சுவர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ நெதர்லாந்தின் ஹார்லெமிலிருந்து அனுப்பிய கிளேஃப் மாளிகை இடிபாட்டின் புகைப்படத்தையும், டச்சுக் கலைஞர் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் 1611-12 வாக்கில் அதே இடத்தைச் செம்புத் தகட்டில் கீறி எடுத்த அச்சுப்படத்தையும் அருகருகே வைத்து மூன்று நாளாகப் பார்க்கிறேன். மொட்டைச் சுவரை இவ்வளவு அக்கறையாக ஏன் வரைந்தார் என்று கேட்டிருந்தாய்.

பரோக் காலத்து, அதாவது பதினேழாம் நூற்றாண்டு வாக்கிலான, இடிபாட்டுப் படம் என்றாலே நிலையாமை என்று சொல்லிவிடுவது வழக்கம். இத்தாலியக் கலைஞர் கஸ்திலியோனே தம் இடிபாட்டுக் காட்சியில் 'காலத்துக்கு உட்பட்ட நித்தியம்' என்ற பொருளில் லத்தீன் சொற்களையும் 1645 என்ற ஆண்டையும் பொறித்தே விட்டார். அவருக்கு அந்த விளக்கம் பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் குளோது லொரேன் 1636-இல் அச்சுப்படமாக்கிய ரோமாபுரியின் பழைய மன்றத்தில், தூண்களுக்கிடையே மாடுகள் நிற்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களை நினைவு வைத்திருக்க எவருமில்லை.

விஸ்ஸரின் சுவர் அப்படியன்று. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த ஹார்லெம் ஏழு மாத முற்றுகையில் பட்டினி கிடந்தபோது ஸ்பானியப் படைத்தலைவர் தங்கியிருந்த மாளிகை அது. 1573-இல் புறப்படுகையில் அவர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் வந்தபோது நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த வெடிச்சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் ஊரில் இருந்திருப்பார்கள். ஆயினும் துணி வெளுக்கும் களம், சத்திரம் ஆகியவற்றோடு இச்சுவரையும் சேர்த்த பன்னிரண்டு படங்களின் தொகுதிக்கு அவர் வைத்த பெயர் 'இன்பமான இடங்கள்'. 1609-இல் ஸ்பெயினோடு போர்நிறுத்தம் வந்து, மக்கள் ஊருக்கு வெளியே அச்சமின்றி நடந்த காலம் அது. பயந்து ஓடிய பாதையிலேயே காலாற நடந்துபோய்ப் பார்க்கும் சுவர் என்பதுதான் என் எண்ணம். நிலையாமைப் பாடம் அதற்குப் பிறகுதான்.

அச்சகத்தில் படம் அச்சிடும் துத்தநாகத் தகடான பிளாக் எடுத்தவன் என்பதால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. எங்கள் பிளாக்கில் கோட்டைச் சுற்றியுள்ளதை அமிலம் தின்றுவிட, கோடு மேடாக நிற்கும். விஸ்ஸரின் முறையிலோ செம்புத் தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை ஊசியால் கீறிய இடத்தை மட்டுமே அமிலம் அரிக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் மை தங்குகிறது. சுவரின் விரிசல் செம்பிலும் விரிசலே. அச்சு ஏற ஏறத் தகடு தேய்ந்து, நிழற்பகுதியின் நெருங்கிய கோடுகள் வெளிறிப்போகும்.

தகட்டில் கண்டபடியே வரைந்தால் அச்சில் இடம் வலமாகும். அந்தச் சுவரைத் தினமும் கடந்தவர் உடனே கண்டுபிடித்திருப்பார். உன் புகைப்படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்சுப்படத்தோடு போய், சுற்றி நடந்து, உயர்ந்து நிற்கும் பகுதி எந்தக் கைப்பக்கம் வருகிறதென்று எழுது.

அன்புடன்,
அப்பா